இருபத்துமூன்றாம் தாள்

அண்ணி மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. பதினோரு வருஷமாக இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியும் அது முழுசாகத் தீர்ந்தபாடில்லை. செத்தவர் மேல் கோபம் வைத்திருக்காதே என்று என் அண்ணன் சொல்கிறார். அவருக்கென்ன, லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் ரோட்டில் கிடந்தவர். அண்ணியோடு தினமும் மல்லுக்கு நின்றவன் நான்தான்.

கோபம் இதுதான். பள்ளிக்கூட மண்டபத்தில் நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், என் மனைவி என்னைப் பற்றிச் சொன்ன இரண்டு வரியை ஒரு அதிகாரி மைக்கில் படித்தார். அந்த இரண்டு வரியை எழுதிக் கொடுத்தவர் அண்ணி. மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்போடு நான் நம்பிக் கிடந்த மக்காச்சோள விதையும் போயிற்று.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு மாட்டுக் கொட்டகையே கதி என்று இருந்தேன். அவர் பதினொன்று வரை படித்தவர். வந்த மூன்றாம் நாள் என் அம்மா அவரிடம், "சமையல் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். புது மருமகள் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "உப்பு கொஞ்சம் தூக்கல் அத்தை. மத்ததெல்லாம் நல்லாருக்கு" என்றார். அம்மா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் கண்ணை மூடுகிற வரைக்கும் உப்புப் பார்க்க அண்ணியைத்தான் கூப்பிட்டார்.

அண்ணியின் சுபாவமே அது. கேட்டால் உள்ளதைச் சொல்வார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். கேட்கவில்லை என்றால் வாயைத் திறக்கமாட்டார்.

பிறகு பால் நிலையத்தில் வேலை கிடைத்தது. நிலையம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு அறை, ஒரு ஷட்டர், இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்ட் மேடை. மேடை மேல் பாலின் கொழுப்பைக் காட்டுகிற மிஷின், பக்கத்தில் கம்பித் தட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன சாம்பிள் பாட்டில்கள். கீழே எந்நேரமும் ஈரமாக இருக்கும் தரை. காலையும் மாலையும் ஊரே கேனைத் தூக்கிக்கொண்டு அங்கே வரிசையில் நிற்கும். அண்ணி ஒவ்வொரு கேனிலும் கரண்டியை விட்டுக் கலக்கி, பாட்டிலில் எடுத்து, மிஷினில் வைத்து, ஃபேட் எவ்வளவு என்று உரக்கச் சொல்லி எழுதுவார். இருபத்தாறு வருஷம் செய்தார். ஊரில் அவருக்கு அளவம்மா என்றே பேர் ஆகிவிட்டது.

ஒருநாள் தண்ணீர் கலந்திருக்கிறது என்று தன் வீட்டுக் கேனையே திருப்பி அனுப்பினார். அண்ணன் அன்று ஊரில்தான் இருந்தார். வேலையாள் செய்த வேலை அது. அண்ணன் வரிசையில் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"நம்ம கேனையாடி திருப்பறே?"

"கேன் யாருதுன்னு மிஷினுக்குத் தெரியாதுங்க."

"மானம் போச்சு!"

"அது தண்ணி ஊத்தினப்பவே போயிருச்சு. இப்பத்தான் வெளிய தெரிஞ்சிருக்கு. நகருங்க, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் மக்காச்சோளம் போடுகிறவன். வாய்க்கால் ஓரம் மூன்று ஏக்கர், நல்ல மண். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் படைப்புழு வந்தது. அந்தப் புழுவைப் பார்க்காதவருக்குச் சொன்னால் புரியாது. பயிர் முழங்கால் உயரம் வந்ததும் குருத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே மரத்தூள் கொட்டிய மாதிரி எச்சம் கிடக்கும். குருத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மகாராஜா மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும். மருந்தை முதுகில் கட்டிக்கொண்டு அடித்து அடித்து என் தோல்தான் உரிந்ததே தவிர, புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷம் பாதி விளைச்சல் அதன் வயிற்றுக்குள் போனது.

அப்போதுதான் விதைக் கம்பெனி ஆள் வந்தார். மரபணு மாற்றிய மக்காச்சோளம். புழு தின்றால் புழுதான் சாகும். எங்கள் பக்கத்தில் ஒரு சோதனை வயல் போட்டுப் பார்க்க வேண்டும், வாய்க்கால் ஓரம் உன் நிலம் தோதாக இருக்கிறது என்றார். எனக்குக் கசக்குமா? அன்றே கையெழுத்துப் போட்டேன். வீட்டில் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சொன்னேன்.

ஆனால் என் கையெழுத்து மட்டும் போதாதாம். பூந்தூள் காற்றில் பறந்து அடுத்த வயலுக்குப் போகும் என்பதால் சுற்றியுள்ள வீடுகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டம். கணக்கெடுத்ததில் நாற்பத்தொரு வீடு வந்தது. வீட்டுக்கு ஒரு தாள். சம்மதம் என்று ஒரு கட்டம், சம்மதம் இல்லை என்று ஒரு கட்டம், கீழே காரணம் எழுத நாலு கோடு. விவசாய ஆபீஸ்காரர்கள் வீடு வீடாக அலைய யோசித்தார்கள். நாற்பத்தொரு வீடும் தினமும் வந்து நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். தாள் கட்டு அண்ணி கைக்கு வந்தது.

வேறு யாராக இருந்தாலும் கட்டத்தில் டிக் போட்டு அனுப்பியிருப்பார்கள். அண்ணி விடவில்லை. மிஷின் ஓடுகிற நேரத்தில் கேட்பார். "சம்மதம்" என்று சொன்னால், "ஏன்?" என்பார். "சும்மாதான்" என்றால், "சும்மான்னே எழுதிக்கவா?" என்பார். ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு எதையாவது சொல்வான். அதை அவன் வாயில் வந்த மாதிரியே எழுதி, அவனுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த கேனுக்குப் போவார். வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டது. ஊர் பொறுத்துக்கொண்டது, ஏனென்றால் முன்னால் நிற்பவன் சொல்வதைப் பின்னால் நிற்பவன் கேட்கலாம். அப்படி ஒரு பொழுதுபோக்கு எங்களுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

கோழி வளர்க்கிறவள், "அந்தச் சோளத்தைத் தின்னு புழு சாகும், சரி. செத்த புழுவைத் தின்னா என் கோழிக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள். அண்ணி எழுதினார். தேனீப் பெட்டி வைத்திருக்கிற தேன்காரன், தேன் வாங்குகிற கடைக்காரன் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது என்றான். எழுதினார். பங்காளிச் சண்டையில் ஊறிய ஒருத்தர், "என் தம்பி வேண்டாம்னு சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு சம்மதம் போட்டுக்கோங்க அளவம்மா" என்றார். வரிசை கொல்லென்று சிரித்தது. அதையும் எழுதினார்.

இரண்டாம் நாள் மாலை நான் மருந்து அடிக்கிற பம்பைப் பழுது பார்க்கப் போயிருந்தேன். என் மனைவி பால் கொண்டுபோனாள். என் வீடும் நாற்பத்தொன்றில் ஒன்று. நிலம் கொடுத்தவன் வீட்டில் என்ன கேள்வி, அது தானாகச் சம்மதம்தானே என்று நான் நினைத்திருந்தேன். அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை என்பதுதான் நிஜம்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். கம்பெனி ஆள் திரை போட்டுப் படம் காட்டினார். அதிகாரி மைக்கைப் பிடித்து, மக்கள் கருத்து ஒவ்வொன்றையும் படிக்கப்போகிறேன், பேர் சொல்லமாட்டேன், தாள் எண் மட்டும்தான் என்றார். நான் முதல் வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு தாள் நல்லபடியாகப் போயிற்று. சம்மதம்தான் அதிகம்.

"இருபத்துமூன்றாம் தாள். கட்டம் இரண்டுமே காலி. காரணம்: 'நிலம் எங்களுது. எங்க வீட்டுக்காரர் ஊரைக் கேக்கச் சொல்லிட்டார், என்னைக் கேக்கல.'"

பேர் எதற்கு? 'நிலம் எங்களுது' என்று சொல்ல அங்கே ஒரே ஒரு வீடுதான் இருந்தது. பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை களுக்கென்றாள். அவ்வளவுதான், கூரை பறந்துவிட்டது. எனக்குப் பின்னால் இருந்தவன் முதுகில் தட்டி, "போய்க் கேட்டுட்டு வாய்யா, நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்" என்றான். அதிகாரியும் சிரித்தார். சிரித்துவிட்டு, நிலம் தருகிற வீட்டிலேயே இன்னும் பேசி முடிக்கவில்லை போலிருக்கிறது, இந்தப் பருவம் இங்கே வேண்டாம் என்று எழுதிவிட்டார். சோதனை வயல் வேறு ஊருக்குப் போனது. அந்த வருஷமும் புழு என் சோளத்தில் விருந்து வைத்தது.

மனைவியிடம் கத்தினேன். அவள் மாட்டுக்குத் தீவனம் வைத்தாள். அவளோடு பேசாமல் எத்தனை நாள் ஒரே வீட்டில் இருக்க முடியும்? கோபத்தை மொத்தமாக அண்ணி பக்கம் திருப்பினேன். எழுதாமல் விட்டிருக்கலாமே? டிக் மட்டும் போட்டிருக்கலாமே? கட்டினவள் ஏதோ ஆத்திரத்தில் சொன்னதை, சொந்தக் கொழுந்தன் என்றும் பார்க்காமல் அப்படியே எழுதுவதா?

நாலு வருஷம் அண்ணியோடு பேசவில்லை.

ஆனால் பால் ஊற்றாமல் இருக்க முடியாதே. காலையும் மாலையும் அதே வரிசை, அதே மேடை. நான் கேனை வைத்துவிட்டுக் கூரையைப் பார்ப்பேன். அண்ணி என் கேனோடு பேசுவார்.

"என்ன கேனே, சௌக்கியமா? உன் முதலாளி தாடியை எடுத்தா கொஞ்சம் மனுஷன் மாதிரி தெரிவாருன்னு சொல்லு."

வரிசை சிரிக்கும். நான் அடுத்த நாள் தாடியை எடுக்கவே மாட்டேன். மூன்று நாள் கழித்து, அவர் சொன்னதால் இல்லை என்கிற மாதிரி எடுப்பேன்.

"கேனே, உங்க வீட்டுப் பொண்ணு பரீட்சையில நல்ல மார்க்காம். முதலாளி சிரிச்சாரா, இல்ல அன்னைக்கும் உர்ருதானா?"

ஒருமுறை என் மனைவி கேனைக் கழுவிவிட்டுத் தண்ணீரைச் சரியாகக் கவிழ்க்கவில்லை. ஃபேட் இறங்கிவிட்டது. அண்ணி மூடியைப் போட்டு, "கேனே, இன்னைக்கு நீ வீட்டுக்குப் போ" என்றார். கழுவின தண்ணீர்தான் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டுமே. பேசாமல் தூக்கிக்கொண்டு வந்தேன். அவ்வளவு வீம்பு.

நாலாம் வருஷக் கடைசியில் டிராக்டர் வரப்பில் சரிந்து என் கால் முறிந்தது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. படுத்த படுக்கை. மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். மனைவிக்கு அப்போதுதான் வயிற்றில் ஆபரேஷன் ஆகி, கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு மாடு இருக்கிறது. யார் கறப்பது?

மறுநாள் விடிந்தும் விடியாமல் கொட்டகையில் பக்கெட் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். அண்ணி முட்டிபோட்டு உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கறந்து, கேனைத் தானே சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் நிலையத்தைத் திறந்தார். மாலையிலும் வந்தார். அப்படியே நாற்பது நாள். போகும்போது என் அறை வாசலில் நின்று ஒரு பார்வை. நான் சுவரைப் பார்ப்பேன். அவர் போய்விடுவார்.

நாற்பத்தோராம் நாள் கட்டைப் பிரித்துவிட்டார்கள். மாலையில் அண்ணி பக்கெட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது நான் தடியை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். நன்றி என்று சொல்ல எனக்கு வராது. வேறென்ன கேட்பது என்று தெரியாமல், "ஃபேட் எவ்வளவு வருது?" என்றேன்.

அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாலு வருஷமாகத் தினமும் பேசிக்கொண்டிருந்த மாதிரியே பதில் சொன்னார். "நாலு புள்ளி மூணு."

"எனக்கு மூணு புள்ளி ஒம்பதுக்கு மேல வந்ததே இல்லையே?"

"உன் மூஞ்சியைப் பார்த்தா மாடு பாலை அடக்கிக்குது தம்பி. நான் என்ன பண்ணட்டும்?"

உள்ளே என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆபரேஷன் பண்ணின வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம்.

அன்று சாப்பிடும்போது அவளே பேச்சை எடுத்தாள். "ஏங்க, அக்கா மேல இன்னும் கோவமா? அன்னைக்கு நான் சொன்னதை எழுதிட்டு எனக்கு மூணு தரம் படிச்சுக் காட்டினாங்க. 'யோசிச்சுச் சொல்லு, மாத்தணுமா, கூட்டத்துல படிப்பாங்க'ன்னாங்க. மூணு தரமும் இருக்கட்டும்னு சொன்னது நான்தான்."

"ஏன் அப்படிச் சொன்னே? அந்த விதை மேல உனக்கு அவ்வளவு வெறுப்பா?"

"விதை மேல எனக்கென்ன வெறுப்பு? ராத்திரி பகலா மருந்தடிச்சு உங்க கை வெந்து கெடந்ததுக்கு எண்ணெய் போட்டவ நானு. கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

கோபத்துக்கு இருந்த காலையும் அன்று இவள் முறித்துவிட்டாள். ஆனாலும் நாலு வருஷம் போஷித்து வளர்த்த கோபத்தை ஒரு வேளைச் சாப்பாட்டில் விட்டுவிட முடியுமா? கொஞ்சம் மீதி வைத்துக்கொண்டேன். இப்போதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி அந்த நாலு வருஷத்தில் இன்னொரு காரியமும் செய்திருந்தார். எனக்கு யாரும் சொல்லவில்லை. விவசாய ஆபீசுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டிருக்கிறார். இனி கருத்துக் கேட்டால் வீட்டுக்கு ஒரு தாள் கூடாது, வயது வந்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள் வேண்டும், ஒருத்தர் கருத்து இன்னொருத்தர் கணக்கில் போகக்கூடாது என்று. ஆறாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது. பதிலில் என்ன இருந்தது என்று போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.

போன வருஷம் அதே சோளம் திரும்ப வந்தது. இந்த முறை சோதனை வயல் இல்லை. எங்கள் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் விதைக்க அனுமதி கொடுக்கலாமா, கூடாதா என்று கேள்வி. ஒரு ஆளுக்கு ஒரு தாள். நூற்றுப்பதினெட்டுத் தாள். அண்ணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். இதயம் வேறு பலவீனமாகி, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். ஆனாலும் கட்டு அவரிடம்தான் வந்தது. வேறு யார் எழுதினாலும் ஊர் நம்பாது. வீட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

நானும் போனேன். ஒரு மணி நேரம் பேசினேன். எனக்கு அந்த விதை இன்னும் வேண்டும். புழு என் வயலைத் தின்றபோது ஊர் எட்டிப் பார்க்கவில்லை, இப்போது வேண்டாம் என்று சொல்ல மட்டும் வருகிறதா என்று கேட்டேன். விதையை ஒவ்வொரு வருஷமும் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டுமாமே, அது மட்டும் எனக்கு உறுத்துகிறது என்றும் சொன்னேன். அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் எழுதி, படித்துக் காட்டினார். என் பேச்சு என் காதுக்கே கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது.

"குறைக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். பத்து வருஷம் உள்ள வச்சிருந்த, இருந்துட்டுப் போகட்டும்."

"அவ என்ன சொன்னா?" என்று மனைவியின் தாளை எட்டிப் பார்த்தேன். அண்ணி அதைக் கட்டுக்கு அடியில் தள்ளினார்.

"வாய் இருக்குல்ல? போய் அவளையே கேளு."

கேட்டேன். சொன்னாள். அது எங்களுக்குள் இருக்கட்டும்.

பத்து நாள் கழித்து அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் காலை பத்து மணி வாக்கில் போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய். கட்டில் ஓரமாக அண்ணன், லாரியை எங்கேயோ போட்டுவிட்டு வந்து, அழுக்குச் சட்டையோடு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி தலையணைக்கு அடியிலிருந்து தாள் கட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"நூத்திப்பதினேழு இருக்கு. ஒண்ணு பாக்கி. தேன்காரன் வரல."

"அவன் வரமாட்டான் அண்ணி. இப்பல்லாம் ஆள் கூடற இடத்துக்கே அவன் வர்றதில்ல. அவன் என்ன சொல்வான்னு தெரியாதா? வேண்டாம்பான். நானே எழுதிச் சேர்த்துடறேன்."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் பேனாவைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

தேன்காரனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவனுக்குத் திக்குவாய். ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் நமக்கு மூச்சு முட்டும். எனக்கு எப்போதும் பொறுமை கிடையாது. அவன் முதல் எழுத்தைப் பிடித்து இழுக்கும்போதே மீதியை நான் சொல்லி முடித்துவிடுவேன். அவனும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அது அவன் சொல்ல வந்ததுதானா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அண்ணி கையைக் காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டார். குனிந்தேன். மறுநாளிலிருந்து அவர் யாரோடும் பேசவில்லை, அதனால் எனக்குக் கடைசியாகச் சொன்ன வேலை இதுதான்.

"நீயே அவன் வீட்டுக்குப் போ. உக்காந்து கேளு. அவன் மெதுவாத்தான் பேசுவான் தம்பி, நீ முடிச்சு வைக்காத."